நாலு பேருக்கு ஒரு வாடகை வீடா, நூறு பேருக்கு ஒரு காப்பகமா?

சென்ற ஐப்பசி மழையில் என் மனைவி பின்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எங்கள் மகன் பக்கத்து வீட்டில் சாப்பிட்டான், தூங்கினான், ஆனால் குளிக்கவில்லை. முப்பது வயது ஆள். தலையில் தண்ணீர் மொண்டு ஊற்ற அவனுக்கு அம்மா வேண்டும். நான் செம்பை எடுத்தால் சுவரோரம் போய் ஒண்டிக்கொள்வான். கடைசியில் ஈரத் துண்டால் துடைத்துவிட்டுப் படுக்க வைத்தேன்.

அவனுக்கு அறிவுசார் குறைபாடு, கூடவே கொஞ்சம் ஆட்டிசம். பேச்சு குறைவு. திருச்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தண்டவாளம். காலையில் ரயில் சத்தம் கேட்டால் "பல்லவன் போச்சு" என்பான். அதைச் சொல்லிவிட்டுத்தான் காபி. நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எங்களுக்குப் பிறகு அவன் எங்கே, யாருடன் வாழ்வான் என்று ஆறேழு மாதம் நானும் மனைவியும் இடம் இடமாகப் போய்ப் பார்த்தோம். அவள் வாக்கரோடு வந்தாள். பார்த்ததையும் கணக்குப் போட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் முடிவு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். கேட்க வேண்டிய கேள்விகள் பொருந்தும்.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது கூடப் பிறந்தவர்கள். என் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். "தம்பியை நான் பாத்துக்கிறேன்ப்பா, நீங்க எதுக்கு ஊர் ஊரா அலையறீங்க" என்றாள். மனசார சொன்னாள், சந்தேகமில்லை. ஆனால் அவள் இருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட், இரண்டு படுக்கையறை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அங்கே போனால் இவனுக்குத் தண்டவாளம் இல்லை, டே சென்டர் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிடும் டீக்கடைக்காரர் இல்லை. மாப்பிள்ளை நல்லவர். நல்லவர் என்பதாலேயே அவரிடம் நேராகக் கேட்க யாருக்கும் வாய் வருவதில்லை, அவரும் முடியாது என்று சொல்லப்போவதில்லை. இன்னொரு கணக்கு: அக்காவுக்கும் தம்பிக்கும் நாலே வயதுதான் வித்தியாசம். இவனுக்கு அறுபது ஆகும்போது அவளுக்கு அறுபத்து நாலு. இன்று எங்களுக்கு இருக்கும் பிரச்சினையை அன்று அவள் தலையில் இறக்கி வைப்பதாகத்தான் முடியும்.

இரண்டாவது, இருக்கிற வீட்டிலேயே முழுநேர ஆள் ஒருவரை அமர்த்திவிடுவது. பையன் இடம் மாற வேண்டாம், வீடும் சொந்தம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாங்கள் போன பிறகு அந்தக் கதவுக்குள்ளே இருக்கப்போவது இரண்டே பேர். அதில் ஒருவனால் நடந்ததைச் சொல்ல முடியாது. வேலைக்கு வந்தவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பவில்லை என்றால் சாப்பாடு யார் போடுவது? அடித்தால் யாருக்குத் தெரியும்? நாங்கள் உயிரோடு இருக்கும்வரை இது சரி. அதற்குப் பிறகு, பார்த்த வழிகளிலேயே ஆபத்தானது இதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது காப்பகம். இதைப் பற்றிப் பேசும்போதே குரல் தாழ்ந்துவிடுகிறது, "ஹோம்ல விட்டுட்டாங்களாம்" என்கிற மாதிரி. அப்படித் தாழ்த்திப் பேச வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களில் சிலவற்றுக்கு அரசு மானியம் வருகிறது, கையில் காசில்லாத குடும்பத்துக்கு அதுதான் வழி. அடிக்கடி வலிப்பு வருகிற, இரவில் நர்ஸ் கூட இருக்க வேண்டிய பிள்ளைக்கும் சின்ன வீடு போதாது. பெரிய இடத்தில் ஓர் ஆள் நின்றுபோனால் அடுத்த ஆள் உண்டு. நடத்துகிறவர் காலமானாலும் நிறுவனம் நிற்கும்.

நாங்கள் போய்ப் பார்த்த ஒரு காப்பகத்தில் நூற்றுப் பத்துப் பேர். பெயர் வேண்டாம். தரை பளிச்சென்று இருந்தது, பினாயில் வாசனை, சுவரில் உணவுப் பட்டியல். வார்டன் மரியாதையாகச் சுற்றிக் காட்டினார். குளியலறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் வாளியில் முப்பது, நாற்பது பல் துலக்கும் பிரஷ். எல்லாம் ஒரே நீலம். எது யாருடையது என்று ஒரு குறியும் இல்லை. துணி காயும் மாடிக்குப் போனோம். எல்லாம் சேர்ந்து சலவைக்குப் போய், சேர்ந்து வந்து, அளவு பார்த்து மாட்டிவிடுகிறார்கள். "இவங்கவங்களுக்குன்னு சட்டை கிடையாதா?" என்று மனைவி கேட்டாள். "இங்க எல்லாரும் ஒண்ணுதாம்மா, பேதம் பாக்கறதே இல்ல" என்றார் வார்டன். பெருமையாகத்தான் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி பேசவேயில்லை. துறையூர் ரோடு தாண்டிய பிறகு, "அவன் அந்தக் கட்டம் போட்ட சட்டையைக் கேட்டா என்ன பண்ணுவாங்க?" என்றாள்.

அவர்கள் கேட்டது பத்து லட்சம் டெபாசிட், மாதம் பதினெட்டாயிரம். டெபாசிட் திரும்பாது. அந்த "திரும்பாது"தான் எனக்கு இடித்தது. பணம் போனதால் அல்ல. பிடிக்கவில்லை என்றாலும் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவர நாம் தயங்குவோம் என்பதால்.

காப்பகம்தான் என்று முடிவு செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் விடக்கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி பதிவுச் சான்று இல்லாமல் யாரும் இப்படி ஓர் இல்லம் நடத்த முடியாது. சான்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், தேதி முடிந்ததா என்றும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு தரம் போங்கள். பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்கள் மனநோய்க்காகக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள், நம் பிள்ளைகளின் விஷயம் வேறு. ஆனால் கொண்டுவந்து விட்டதும் அவர்களுடைய குடும்பங்கள்தான், நல்லது நடக்கும் என்று நம்பித்தான்.

நாலாவது வழியைத்தான் இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பேசுகிறார்கள். பெற்றோர்கள் சேர்ந்து நிலம் வாங்கிக் குடியிருப்பு கட்டிக்கொள்வது. பெற்றோரும் பிள்ளையும் ஒரே வளாகம், நடுவில் பொதுச் சமையல், தையல் கூடம், தோட்டம், பிசியோதெரபி. அப்படி ஒன்றையும் போய்ப் பார்த்தோம். வேப்ப மரம், அகலமான பாதை, எங்கும் சாய்தளம். வாக்கர் வைத்துக்கொண்டு என் மனைவி உட்காராமல் ஒரு சுற்றே நடந்துவிட்டாள். அவளுக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கும்தான். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, எங்கள் இருவருக்கும் பிடித்தது. அவனுக்கு?

ஊரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். வாசலில் கடை கிடையாது, பஸ் கிடையாது. அங்கே இருக்கிற எல்லாருமே சிறப்புப் பிள்ளை அல்லது சிறப்புப் பிள்ளையின் அப்பா அம்மா. டீக்கடைக்காரர் மாதிரி சும்மா தெரிந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. வீடு வாங்கியிருந்தவர்கள் எல்லாரும் என் வயதை ஒட்டியவர்கள். இன்னும் பதினைந்து வருஷத்தில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லாருக்கும் முடியாமல் போகும். யார் நிர்வாகம் பார்ப்பது? காலியாகும் வீட்டை வெளிநாட்டிலிருக்கும் மூத்த பிள்ளை விற்றால் என்ன? பத்திரத்தில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் கமிட்டி போட்டுப் பேசிக்கலாம் சார்" என்றார்கள். நாற்பது லட்சத்தைக் கொடுத்துவிட்டுப் பேசிக்கொள்ள எனக்குத் துணிச்சலில்லை. பெற்றோருக்கும் பராமரிப்பு வேண்டும், சொந்தபந்தம் யாரும் இல்லை, பிள்ளைக்குக் கூட்டமும் சத்தமும் ஆகாது என்கிற வீட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் பெயரைச் சரியாக வைத்துக்கொள்வோம். அது நமக்கான முதியோர் இல்லம், பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு.

கடைசி வழி, சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீடு. அதில் நாலு பேர், கூட இரண்டு பராமரிப்பாளர்கள். பகலில் அவரவர் டே சென்டருக்கோ வேலைக்கோ போய்விட்டு சாயங்காலம் திரும்புவது. இது வெறும் யோசனை அல்ல. சென்னையில் 'தி பான்யன்' அமைப்பு 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில், வருஷக்கணக்காக மனநல விடுதியில் கிடந்தவர்களை நாலைந்து பேராக ஊருக்குள் வாடகை வீடுகளில் குடிவைத்து நடத்திக் காட்டியிருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் உதவியாளர்களும் ஒரே வீட்டில் ஒன்றாக வாழும் முறையில் 'ஆஷா நிகேதன்' 1970-லேயே பெங்களூரில் தொடங்கியது, சென்னையிலும் உண்டு. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 'கரௌந்தா' என்று பெரியவர்களுக்கான குழு இல்லத் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது.

எங்கள் ஊரில் நாலு குடும்பம் சேர்ந்து போட்ட மாதக் கணக்கு இது. வாடகை 15,000. கூடவே தங்கும் பராமரிப்பாளர்கள் இருவருக்கு 36,000. அவர்கள் விடுப்பில் போகும் நாளுக்கு மாற்று ஆள் 6,000. சமையல் அம்மாவுக்கு 8,000. ஆறு பேர் சாப்பாட்டுச் சாமான் 20,000. கரண்ட், கேஸ், தண்ணீர் 5,000. டாக்டர், மருந்து, சில்லறை 6,000. மொத்தம் 96,000, தலைக்கு 24,000. காப்பகத்தைவிட ஆறாயிரம் கூடுதல், ஆனால் பத்து லட்சம் முடங்காது.

இந்தக் கணக்கில் பாதிக்கு மேல் ஆள் சம்பளம். பலமும் பலவீனமும் அதிலேயே இருக்கிறது. நாலு பேரில் ஒருவர் விலகினால் சாப்பாட்டுச் செலவு கொஞ்சம் குறையும், சம்பளமும் வாடகையும் குறையாது. மீதி மூன்று பேருக்குத் தலைக்கு முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும். ஆகவே ஆறு மாதச் செலவைப் பொதுவில் ஒதுக்கி வைக்காமல் இதில் இறங்கக் கூடாது. ஒரு குடும்பம் விலக வேண்டுமென்றால் மூன்று மாத முன்னறிவிப்பு என்றும் எழுதிக்கொண்டோம். வீடு கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு. விஷயத்தைச் சொன்னதும், "அட, நேத்துதான் சொந்தக்காரங்களுக்குப் பேசி முடிச்சோம்" என்றார் ஒருவர். அப்படி ஐந்து வீட்டில் சொந்தக்காரங்க வந்தார்கள். ஆறாவது வீட்டுக்காரம்மா மட்டும், "ராத்திரி சத்தம் போடுவாங்களா?" என்று நேரடியாகக் கேட்டார். "சில நாள் போடுவாங்க" என்றோம். "என் வீட்டுக்காரரும் போடுவார்" என்று சாவியைக் கொடுத்தார்.

நாலு பேர் என்றால் நல்லது, நூறு பேர் என்றால் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 2007-இல் இந்தியா இணைந்தது. அதன் 19-ஆவது பிரிவு, யாருடன் எங்கே வாழ்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பற்றியது. அந்தப் பிரிவுக்கு 2017-இல் ஐ.நா. குழு எழுதிய விளக்கத்தில் எனக்குச் சுருக்கென்று தைத்தது ஒரு விஷயம்: ஐந்திலிருந்து எட்டுப் பேர் இருக்கும் சின்ன வீடும், ஏன் தனி வீடும்கூட, விடுதியின் குணங்கள் இருந்தால் விடுதிதான். நம் 2016 சட்டத்தின் 5-ஆவது பிரிவும், குறிப்பிட்ட ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று மாற்றுத்திறனாளியைக் கட்டாயப்படுத்தாமல் பார்த்துக்கொள்ள அரசு முயல வேண்டும் என்கிறது. எத்தனை மணிக்கு எழுவது, எந்தச் சட்டை, யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது, டிவி ரிமோட் யார் கையில்? நாலு பேர் வீட்டிலும் இதையெல்லாம் பராமரிப்பாளரே முடிவு செய்தால் அது மாடியில்லாத காப்பகம், அவ்வளவுதான். இந்தக் கோணத்தில் பார்த்தால் எங்கள் வீடே எந்த லட்சணத்தில் இருந்தது? முப்பது வருஷமாக அவன் தலையில் தண்ணீர் ஊற்றியது நாங்கள்தானே.

பெற்றோர் கூட்டங்களில் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் சிக்குவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று தனித்தனி முடிவுகளை நாம் ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். பிள்ளை எங்கே வாழ்வது, பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடுவது யார், பணம் யார் கையில். வீட்டை நடத்துகிறவரே சட்டப்பூர்வப் பாதுகாவலராகவும் இருந்து, டெபாசிட்டும் ஓய்வூதியமும் அவர் கணக்குக்கே போனால், அங்கே தப்பு நடந்தால் கேட்க ஆளே இல்லை. நல்ல மனிதர்தான் நடத்துகிறார் என்பது பதிலாகாது. ஆஷா நிகேதனின் தாய் அமைப்பான 'லார்ஷ்' 1964-இல் பிரான்ஸில் தொடங்கியது. அதை நிறுவிய ஜான் வானியேயை உலகமே மகான் என்று கொண்டாடியது. அவர் இறந்த பிறகு, 2020-இல் அந்த அமைப்பே விசாரணை நடத்தி, அவர் பெண்கள் சிலரிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர் என்று வெளியிட்டது. அந்தப் பெண்கள் மாற்றுத்திறனாளிகள் அல்ல. இருந்தாலும், மறைக்காமல் தாங்களே வெளியே சொன்னார்கள் என்பதால் அந்த அமைப்பின் மேல் எனக்கு மதிப்பு கூடியது. நாம் தேடும் இடத்திலும் அந்தக் குணம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் அப்பா அம்மா தானாகவே பாதுகாவலர் இல்லை. பலருக்கு இது தெரிவது பேங்க் கவுண்டரில்தான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவில் விண்ணப்பித்துப் பாதுகாவலர் சான்று வாங்கலாம். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் வரவுசெலவுக் கணக்கும் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டாலோ கையாடினாலோ அவரை நீக்கவும் வழி உண்டு. இப்போது நான் பாதுகாவலர். எனக்குப் பிறகு மகள் விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். தம்பியைக் குளிப்பாட்டுவது அவள் வேலை இல்லை, குளிப்பாட்டுகிறவர்களைக் கண்காணிப்பது அவள் வேலை. இதைச் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மாசம் ஒரு தடவை வந்தா போதுமாப்பா?" என்றாள். குரலில் நிம்மதி இருந்தது.

பணத்தில் முக்கியமானது ஒன்று. என்னைப் போல மத்திய அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு, சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதை நாம் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பி.பி.ஓ.வில், அதாவது நம் ஓய்வூதிய ஆணையில், சேர்க்கச் சொல்லி முடித்துவிட வேண்டும். நாம் போன பிறகு அலைவது நம் பிள்ளை அல்ல, இன்னொருவர். அப்புறம் நேஷனல் டிரஸ்டின் 'நிராமயா' காப்பீடு, ஒரு லட்சம் வரை. பெரிய தொகையில்லை, ஆனால் முன்பே இருக்கும் குறைபாட்டைக் காட்டித் தள்ளாத பாலிசி.

வாடகை வீடு தொடங்கி இது பதினோராவது வாரம். முதல் மாதம் வாரத்தில் இரண்டு இரவு மட்டும் விட்டோம். பிறகு நாலு இரவு. மொத்தமாகக் கொண்டுபோய் விட்டிருந்தால் கைவிட்டுவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். முதல் வாரம் வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டுக்கும் ரயில் சத்தம் கேட்கும், அதற்காகவே அந்தத் தெருவில் தேடினேன். மூன்றாவது வாரம் பராமரிப்பாளர் போன் செய்தார். கூட இருக்கும் பையன், டவுன் சிண்ட்ரோம், தானே குளித்துவிட்டு வந்து இவன் கையில் செம்பைக் கொடுத்து, "நீ ஊத்து" என்றானாம். இவன் ஊற்றிக்கொண்டானாம். சோப்புப் போடாமல், சட்டையோடு. என் மனைவியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "சட்டையை யார் மாத்தினாங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆண் பராமரிப்பாளர்கள் கிடைப்பதே அரிது. இரண்டு பேரில் ஒருவர் ஏற்கெனவே மாறிவிட்டார். நாலாவது குடும்பம் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டது. பையனின் பாட்டி சம்மதிக்கவில்லையாம். இப்போதைக்கு மூன்று பேர்தான், தலைக்கு முப்பதாயிரம் கட்டுகிறோம். ஆடி முடிவதற்குள் இன்னொருவர் வராவிட்டால் ஒதுக்கி வைத்த பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை ஒரு குடும்பம் வீட்டைப் பார்க்க வருகிறது. பையனுக்கு இருபத்தாறு வயது, இரவில் விளக்கு எரிந்தால்தான் தூங்குவானாம். என் மகனுக்கோ விளக்கு எரிந்தால் தூக்கம் வராது. இரண்டு அறை இருக்கிறது, பார்க்கலாம்.